ஆபீசர் பெயருக்குக் கட்டிய கட்டம்

பூவத்திலிருந்து பஸ் ஏறி வருகிற ஜெயமேரிக்கு மரியாதை என்றால் கட்டம்தான். காரைக்கால் அச்சகம் ஒன்றில் பதினோரு வருஷம் கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு எழுத்துக் கோத்த கை அது. தடித்த எழுத்தில் பெயர், அடியில் தேதி, அதற்கும் அடியில் அழுகிறவர்கள் பட்டியல், சுற்றிலும் கட்டம்.

1988இல் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அவள் தற்காலிக ஆபரேட்டராக வந்தாள். பத்தொன்பது வருஷமாக டைப் அடிக்கிற எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? புதுச்சேரியிலிருந்து சுவாமிநாதன் ஆபீசர் வந்து பார்த்து நல்லபடி எழுதினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் வரும் அன்று காலையில் விளக்கம் வேறு சொன்னாள். புரோகிராமில் ஏதோ குறி போட்டு ஒன்று என்று எழுதினால் திரையில் எழுத்து தடிக்குமாம். ஐந்து என்றால் கண் சிமிட்டுமாம். சைபர் போட்டால் பழையபடி சாதுவாகிவிடுமாம்.

“ஆபீசருக்கு வரவேற்பு போட்டிருக்கேன், உத்திராபதிண்ணே. ஒரு தடவை பாக்குறீங்களா?”

“எனக்கு வேற வேலை இல்லையா? போம்மா” என்றேன். பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

ஆபீசர் வந்து உட்கார்ந்தார். அவள் பட்டனைத் தட்டினாள். கறுப்புத் திரையில் கட்டம். நடுவில் சுவாமிநாதன், தடியாக, அணைந்து அணைந்து எரிந்தார். அடியில் அன்றைய தேதி. அதற்கும் அடியில் எங்கள் பெயர்கள். ஹெட்கிளார்க்குக்கும் முன்னால் என் பெயர்!

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“தேதி இன்னைக்குத்தானா?”

“ஆமாங்க ஐயா, இன்னைக்குத்தாங்க” என்றாள் பெருமையாக.

“நேரம் ஏதும் குறிச்சிருக்கீங்களா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “ஐயோ மாதாவே!” என்று பதறி, ஐந்தை அழித்துவிட்டு சைபர் போட்டு மறுபடி ஓட்டினாள். சிமிட்டல் நின்றது. பெயர் கட்டத்துக்குள் அசையாமல் கிடந்தது. அது இன்னும் மோசம்.

ஆபீசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பட்டியலை விரலால் ஓட்டிப் பார்த்தார்.

“எனக்காக அழறவங்கள்ல உங்க பேரு எங்கம்மா?”

“நான் டெம்ப்ரவரிங்க. ஆபீஸ் ஆளுங்களைத்தான் போட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதமாகப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறவள். ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசியதில்லை நான்.

ஆபீசர் பேனாவைத் திறந்து, வேலையை நிரந்தரமாக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இப்பப் போடுங்க உங்க பேரை. பாத்துட்டுத்தான் போவேன்” என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “எங்கண்ணே போடறது?”

“எனக்கு மேலே போடும்மா” என்றேன்.