என் வாய்க்குச் சார்ஜ் போட வேண்டும்

குரல் முதலில் பிசகியது ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னால். ஓசூரில் ஒரு குடோனில் எனக்கு வேலை. லாரி பின்பக்கமாக வந்து சரக்கு மேடையை ஒட்டி நிற்க வேண்டும். டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. பின்னால் நின்று கத்துகிறவனை நம்பித்தான் அவர் வண்டியை விடுவார். அப்படிக் கத்துகிறவன் நான். தமிழ்நாட்டு வண்டி என்றால் ‘வரட்டும் வரட்டும்’, கர்நாடக வண்டி என்றால் ‘பர்லி பர்லி’, ஆந்திர வண்டி என்றால் ‘ரானீ ரானீ’. நம்பர் பிளேட்டைப் பார்த்து மொழியை மாற்றுவேன். அன்று ‘பர்லி’ என்று வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது.

மருந்துக் கடைக்காரர் பனி என்றார். “ஓசூர் பனி அப்பிடித்தான் ண்ணா, டானிக் குடி, போயிடும்.” குடித்தேன். போகவில்லை. இன்னொரு டானிக் தந்தார். அவர்மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. சளியும் காய்ச்சலும் இல்லாமல் வாரக்கணக்கில் குரல் கம்மியிருந்தால் டானிக்கை வைத்துவிட்டுத் தொண்டை டாக்டரிடம் போங்கள். இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே மருத்துவ அறிவுரை இதுதான்.

எனக்குச் சொந்த ஊர் சாமல்பட்டிப் பக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கல் குவாரி, லாரி கிளீனர், கோழிப்பண்ணை, ரோஜாத் தோட்டம் என்று ஓரிடத்தில் தங்காமல் அலைந்தேன். எல்லா இடத்திலும் பீடி இருந்தது. எங்கே போனாலும் மறுநாளே நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளும் வாய் என்னிடம் இருந்தது. வேறு சொத்து இல்லை.

கடைசியில் நானே ஒரு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பயாப்ஸி (சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். டாக்டர் கன்னடக்காரர். எனக்காகக் கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

“நோடி அந்தோணி, குரல்பெட்டி முழுசா எடுக்கணும். பாதி எடுத்தா நோயும் பாதி உள்ளயே இருக்கும்.”

“அப்பறம் பேச்சு?”

“அது அப்பறம் பாக்கலாம். மொதல்ல நீங்க இருக்கணும் இல்ல?”

என் சொந்தக் குரலில் நான் கேட்ட கடைசிக் கேள்விகளில் அது ஒன்று.

அறுவைக்குப் பிறகு கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விடுவதற்கான நிரந்தரத் துளை) வைத்தார்கள். மூக்கும் வாயும் இனி மூச்சுக்கு இல்லை. அதனால் வாசனை போனது. சூடான டீயை ஊத முடியாது. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் இறங்கினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும், ஆற்றில் மூழ்குவதுபோல. பிறகு ரேடியேஷன் (கதிர் பாய்ச்சும் சிகிச்சை). கழுத்துத் தோல் கருகி உரிந்தது. எச்சில் வற்றியது. இவற்றையெல்லாம் தாங்கலாம். தாங்கினேன். தாங்க முடியாதது வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கியது.

என் மகள் பவுலின், போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் ஒரு டேப் (சிலேட்டு அளவுள்ள தொடுதிரைக் கருவி) வாங்கி வந்தாள். திரையில் எழுத்தைத் தட்டினால் அது பேசும். அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களைப் பட்டன்களாகவும் போட்டுக் கொடுத்தாள். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்.’ ‘எனக்கு வலிக்கிறது.’ ‘நான் நலமாக இருக்கிறேன்.’ ‘நன்றி.’ ஒரு நல்ல நோயாளி பேசவேண்டிய எல்லாம் அதில் இருந்தது.

அந்த டேப்பால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை டீக்கடையில் சளி துளையை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் முதுகில் குத்தி, வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார்கள். ‘நான் கழுத்துத் துளையால் மூச்சு விடுகிறேன்’ என்ற பட்டனை அழுத்தினேன். கைகள் நின்றன. நானே துணியால் சளியை எடுத்தேன். என்னைப்போல் குரல்வளை எடுத்தவர்கள் பேசும் வீடியோக்களை அதில்தான் பார்த்தேன். எனக்கு ல, ள தகராறு உண்டு. தப்பாகத் தட்டினால் அதுவே திருத்தும். இந்தக் கட்டுரையும் அதில்தான் எழுதப்படுகிறது.

ஆனால் அதன் குரல் யாருடையது? செய்தி வாசிக்கும் ஓர் ஆளின் குரல். அவனுக்கு ஓசூர் தெரியாது. அவனுக்குக் கோபம் வராது. ‘போ’ என்று நான் தட்டினால் ‘போங்கள்’ வேண்டுமா, ‘போகிறேன்’ வேண்டுமா என்று கேட்கிறது. அவசரத்தில் கை பட்டு, என் மனைவி மேரியை ‘நீங்கள் சாப்பிட்டீர்களா’ என்று கேட்டுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்காத கேள்வி. அவள் அடுப்படியில் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். “இந்த டேப்பையே கட்டியிருக்கலாம்” என்றாள்.

மருந்துக் கடையில் டேப் பேசியது. கடைக்காரர் குனிந்து டேப்பைப் பார்த்துச் சத்தமாகப் பதில் சொன்னார். பஞ்சாயத்து ஆபீசிலும் அப்படித்தான். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. நான் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறேன்.

சார்ஜ் தீர்ந்தால் ஊமை. மழைத்துளி விழுந்தால் திரை தானாக எதையோ தட்டுகிறது. வெயிலில் எழுத்து தெரிவதில்லை. ஒருநாள் தேடினால் டேப் காணவில்லை. உள்ளே மேரி அதில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயை எடுத்துப்போய் சீரியல் பார்க்கிறாள்! கையைத் தட்டிக் கூப்பிட்டேன். “இருய்யா, முடியப்போவுது” என்றாள்.

அன்று சண்டை. நான் திட்டை எழுத்து எழுத்தாகத் தட்டி முடிப்பதற்குள் அவள் வேறு விஷயத்துக்குப் போயிருந்தாள். என் பழைய பதிலைச் செய்தி வாசிப்பவன் நிதானமாகப் படித்தான். மேரி கையை நீட்டி, டேப்பின் ஓரத்தில் விரலை வைத்து, சத்தத்தைக் குறைத்தாள்.

“எத்தினி வருசம் கத்தன. இப்ப பட்டன் என் கையில இருக்குது.”

அவள் பக்கம் நியாயம் இருக்கலாம். அதற்காக என் கோபம் குறையவில்லை. ஒரு மனிதனை வாயை மூடச் சொல்லலாம், அடிக்கலாம், எழுந்து போகலாம். சத்தத்தைக் குறைக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு சேலத்துப் பெண் இருந்தார். அவர் எனக்கு உணவுக்குழாய்ப் பேச்சு (காற்றை விழுங்கி ஏப்பமாக வெளியே விட்டு, அந்த ஏப்பத்தையே சொல்லாக்குவது) கற்றுத்தந்தார். அது தேரை கத்துவதுபோல் இருக்கும். ப, ட, க என்று வெடிக்கும் எழுத்துகள்தான் முதலில் வரும் என்றார். எனக்கு முதலில் வந்த சொல் ‘போடா’. அடுத்து ‘டேய்’. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“உங்களுக்குத் திட்டறதுதான் ண்ணா சீக்கிரம் வருது. அதுலேந்தே ஆரம்பிப்போம். ஆனா டேப்பை அலமாரில வெச்சுடுங்க. அது கையில இருக்கற வரைக்கும் இது வராது.”

வீட்டில் இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு வந்தது. எந்தக் குரலில் நான் மிச்ச வாழ்நாளைப் பேசுவது என்பதே பிரச்சினை. மேரிக்குச் சோற்றுக்கு முன்னால் ஏப்பம் ஆகாது. “ரேடியோக்காரன் மாதிரி அது எவ்ளோ அழகா பேசுது, உனக்கு என்னா கேடு?” என்றாள். பவுலின் வேறு விதமாகச் சொன்னாள். “வேணாம்ப்பா. சர்ச்சு பூசையில நீ வாயத் தொறந்தப்ப எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு பயமா இருக்குது, உன் குரலே இல்ல அது.”

டேப்பில் இருப்பது மட்டும் என் குரலா? இதைத் தட்டி முடிப்பதற்குள் அவள் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

குடோன் மேனேஜர் என்னைக் கைவிட நினைக்கவில்லை. டேப்பை ஒரு ஸ்பீக்கரோடு இணைத்துப் பார்க்கலாம் என்றார். பவுலின் உற்சாகமாகி, மூன்று மொழியிலும் ‘வரட்டும்’, ‘நிறுத்து’ பட்டன்களைப் போட்டாள். தூசிக்குக் கழுத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு போனேன். லோடு ஏற்றும் முருகேசன் என்னைக் கட்டிப்பிடித்தான். வந்தது ஒரு கர்நாடக வண்டி. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏனண்ணா இது, ரேடியோவா?” என்று சிரித்தார்.

‘பர்லி’யை அழுத்தினேன். வண்டி வந்தது. மறுபடி அழுத்தினேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை காலம் டிரைவர்கள் கேட்டது என் சொல்லை அல்ல. தூரம் அதிகம் என்றால் ‘பர்ர்லீ’ என்று இழுப்பேன். கிட்டே வரவரச் சொல் குறுகும், குரல் மேலே ஏறும், கடைசியில் நாய் குரைப்பதுபோல் வெட்டி வெட்டி வரும். அதைக் கேட்டுத்தான் பிரேக்கில் கால் வைப்பார்கள். எனக்கே இது தெரியாது. தொண்டை தானாகச் செய்த வேலை. டேப் எல்லா ‘பர்லி’யையும் ஒரே மாதிரி சொன்னது. இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று நினைத்து அவர் வந்துகொண்டே இருந்தார்.

முருகேசன் மேடை ஓரத்தில் குனிந்து, கீழே விழுந்த கட்டையை எடுத்துக்கொண்டிருந்தான். நான் ‘நிறுத்து’வை அழுத்தினேன். விரலெல்லாம் தூசி. திரை ஏற்கவில்லை. இன்னொருமுறை அழுத்தினேன். பிறகு டேப்பைத் தூக்கி கண்டெய்னரின் தகரத்தில் ஓங்கி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

வண்டி நின்றது. முருகேசனின் தலைக்கும் இரும்புக்கும் நடுவில் என் கை நுழையும் அளவு இடம் இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே, “யோவ் அந்தோணி, அந்தப் பொட்டிய தூக்கிக் கடாசிட்டு உன் வாயத் தொறய்யா” என்றான்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. “வீட்ல ரெஸ்ட் எடுங்க” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பவுலின் ஷிப்ட் முடிந்து வந்து, விரிசல் விட்ட திரையைப் பார்த்தாள்.

“ஒடச்சிட்டியா? பாத்துப் பாத்து வாங்கனேன். வேணும்னே ஒடச்சிட்ட. உனக்கு எதுவும் புடிக்காது, எதுலயும் நிக்கமாட்ட.”

அழுதாள். பிறகு டேப்பைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். “ஸ்கிரீன் இன்னும் எரியுது. என்னா ஆச்சுன்னு இதுல சொல்லு.”

வாங்கிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன். அவள் அதை மறுபடி எடுக்கப் போனாள். நான் காற்றை விழுங்கினேன்.

“பொறு.”

அவள் கை நின்றது. அடுத்த காற்றுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “கர்நாடக... வண்டி.” மறுபடி விழுங்கினேன். லாரி வந்ததைச் சொன்னேன். பட்டனைச் சொன்னேன். சில சொற்கள் ஏப்பத்தில் உடைந்தன. அவற்றைக் கையால் காட்டினேன். அவள் காதைப் பொத்தவில்லை. முகத்தைச் சுளித்தபடியே கேட்டாள். வயிறு வலிக்க, வியர்த்து வழிய, முடித்தேன்.

பவுலின் கேட்டாள்: “முருகேசன் அண்ணனுக்கு ஒண்ணும் ஆவலயே?”

அடுப்படியிலிருந்து மேரி கேட்டாள்: “மேனேஜரு என்னா சொன்னாரு?”

இரண்டு பேரும் நான் எப்படிப் பேசினேன் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்ன விஷயத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். அறுவைக்குப் பிறகு அப்படி ஒன்று நடந்தது அன்றுதான்.

இப்போது எனக்கு மூச்சுக்கு ஒரு வழி, சொல்லுக்கு ஒரு வழி. ஓடிக்கொண்டே பேச முடியாது. நின்று, விழுங்கி, பேச வேண்டும். அலைந்தே பழகிய உடம்புக்கு இது சிறைதான். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று இடைவெளிகள். அதற்குள் எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார், அல்லது இரக்கப்பட்டு என் வாக்கியத்தைத் தானே முடித்துவிடுவார். இரண்டுக்கும் எனக்குக் கோபம் வருகிறது. இதே துளையோடு இருப்பவர்களே, உங்கள் வாக்கியத்தை வேறு யாரும் முடிக்க விடாதீர்கள். டேப் பையில் இருக்கட்டும். மூச்சு அடைத்தால் எடுங்கள், எழுத எடுங்கள். சண்டைக்கு எடுக்காதீர்கள்.

போன வாரம் ஒரு வேலை கேட்டுக் கெலமங்கலம் புறப்பட்டேன். பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் என் கழுத்துத் துணியைப் பார்த்தார். “எங்கண்ணா? சீக்கிரம் சொல்லு, பின்னால ஆள் நிக்குது” என்றார். பின்னால் நின்றவர் என் தோளைத் தள்ளினார். பையில் டேப் இருந்தது.

“பொறு” என்றேன்.

கண்டக்டர் டிக்கெட் மெஷினோடு கையைத் தூக்கியபடியே நின்றார். நான் காற்றை விழுங்கினேன்.