இரண்டு கண்மாய்க்கும் ஒரே மேகம்

திருப்பத்தூர்ச் சந்தையில் கேழ்வரகுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான், கணக்கு வாத்தியார் சுப்பையா காய்ச்சலில் போய்விட்டார் என்று வண்டிக்காரர் சொன்னார். "வெளையாடாதீகய்யா" என்றேன். ஊரில் விளையாடுகிறவன் நான் ஒருவன்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவருக்கு அஞ்சலி சொல்ல இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் காரைக்குடிப் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்களுக்கு, பெரிய கண்மாயிலும் புதுக்கண்மாயிலும் வருஷம் தவறாமல் மூங்கில் கோலை விட்டு நீர் அளந்தவர். "கண்மாய்க்குச் சட்டை தைக்கவா அளவெடுக்கிறீக?" என்பேன். "உனக்குக் கோமணமாவது மிஞ்சுமான்னு பாக்குறேன் கருப்பையா" என்பார்.

ஒருநாள் களத்தில் கூடை நெல்லைக் கொட்டிக் காட்டினார். "வருஷத் தண்ணியும் இப்படித்தான். நடுவுல குவியும், ஓரத்துல கொஞ்சம் செதறும். ரெண்டு கண்மாயையும் கூட்டு, கழி, இதுல ஒரு பங்கு அதுல ரெண்டு பங்குன்னு எடு. குவியல் குவியலாத்தான் நிக்கும். நடுவும் அகலமுந்தான் மாறும்."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். "அகலம் மாறுனா எனக்கென்ன?"

"அகலம்னா ஓரத்துல செதறுற நெல்லு, நீ பட்டினி கெடக்குற வருஷம்யா."

வயல் இரண்டு கண்மாயில் இருந்தால் ஒன்று காய்ந்தாலும் மற்றது சோறு போடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்குப் பெரிய கண்மாயில் ஒரு வயலும், தனியே ஒரு பள்ளக்காடும் இருந்தன. போன தையில் அந்தப் பள்ளக்காட்டைப் பங்காளிக்குக் கொடுத்து, அவனுடைய புதுக்கண்மாய் வயலை மாற்றிக்கொண்டேன். பள்ளக்காடு நல்ல மழையில் மூழ்கும், மழை குறைந்தால் விளையும். வாத்தியார் வரப்பிலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு கண்மாய்க்கும் ஒரே மேகம். சேந்து ஏறும், சேந்து எறங்கும். கூட்டுனா ஆட்டமும் கூடும். பள்ளக்காடு எதிர்த்தாப்புல ஆடுது. அதைச் சேத்தாத்தான் ஆட்டம் அடங்கும். எதைக் கூட்டுனாலும், சேந்து விழுமான்னு மொதல்ல கேளு."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் பட்டினி கெடப்பானா வாத்தியாரே?"

"ரெண்டு பேரும் ஒரே நாள் கோவிச்சுக்கிட்டா?"

கோவித்துக்கொண்டார்கள். ஐப்பசி மழை பொய்த்தது. இரண்டு வயலிலும் நாற்று கருகிவிட்டது. பங்காளியின் பள்ளக்காடு மட்டும் பச்சையாக நிற்கிறது. என் வீட்டில் ஆறு வாய். நெல் விளைவித்தவன் படி கேழ்வரகுக்குக் கெஞ்சுகிறேன்.

பங்காளி மனமிரங்கி, அறுவடைக்குப் பிறகு பள்ளக்காட்டில் ஒரு பகுதியைத் திருப்பி மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறான். எத்தனை பங்கு பள்ளக்காடு, எத்தனை பங்கு கண்மாய் வயல் என்று கேட்க அன்று சந்தையிலிருந்து நேரே வாத்தியார் வீட்டுக்குத்தான் போக இருந்தேன். போனேன். பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சேந்து விழுமா?" அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இந்த ஒரு கேள்விதான். பங்கு சொல்ல அவர் இல்லை. தை வரைக்கும் பிள்ளைகள் எதைத் தின்னும் என்று சொல்லவும் எவரும் இல்லை.