அறுபத்தோரு மார்க்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் செக்கிங் டேபிளில் பதினேழு வருஷமாக நிற்கிறவள் விஜயகுமாரி. தைத்து வருகிற ஷூவின் மேல் தோலை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தைத்தவளுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் அவள் டேபிளில் சிவப்பு ஸ்டிக்கர் அபூர்வம். நூல் தொங்கினால் அவளே கத்தரித்து லைட்டரால் பொசுக்குவாள். பசை வழிந்தால் அவளே துடைப்பாள். தைத்த பெண்ணுக்குத் தான் செய்த தப்பு கடைசி வரை தெரியாது. "விஜிக்கா டேபிளுக்குப் போனா பாஸ்தான்" என்று லைன் முழுக்கப் பேர். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அவளுக்கு இப்போது மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல்! வேறென்ன? காரணம் முனவ்வர் பேகம். கம்பெனியில் பக்கத்து டேபிள், தெருவில் பக்கத்து வீடு. இருவருக்கும் ஒரே வருஷம் பெண் பிறந்தது. இவளுக்குத் தமிழினி, அவளுக்கு சஹர். இரண்டு பெண்களும் ஒன்றாகவே பிளஸ் டூ முடித்தார்கள்.

ஒரு டிரஸ்ட்காரர்கள் சென்னையில் ஷூ டிசைன் படிக்க வைக்கிறோம் என்று வந்தார்கள். ஒரு வருஷம், ஹாஸ்டல், எல்லாம் இலவசம். போன வருஷம் அனுப்பிய பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதுகொண்டே ஊருக்கு ஓடி வந்துவிட்டார்களாம். அதனால் இந்தத் தடவை பரீட்சை மார்க்கைப் பார்க்கவில்லை. தனியாக இருந்து பிழைக்கத் தெரியுமா என்று அளந்தார்கள். பேங்க் ஃபாரம் நிரப்பு, டாக்டர் சீட்டைப் படித்துச் சொல், சிலிண்டர் மாட்டு, பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லிக் காட்டு. இப்படி இருபது வேலை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். அறுபது வந்தால் சீட்.

சஹர் எண்பத்து நாலு. தமிழினி நாற்பத்தொன்று.

"பிளஸ் டூல என் பொண்ணு ஐநூத்தி நாப்பது, தெரியுமில்ல?" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். எரிச்சல் அடங்கவில்லை. முட்டி வலி என்று உட்கார்ந்துகொண்டு முனவ்வர் பெண்ணைத்தான் ரேஷன் கடைக்கும் வேலூரில் பாகாயம் ஆஸ்பத்திரிக்கும் தனியாகத் துரத்துவாள். 'பெத்த பொண்ணா வேலைக்காரியா?' என்று விஜயகுமாரி எத்தனை நாள் வாய்க்குள் திட்டியிருக்கிறாள்! அதற்கா எண்பத்து நாலு?

சாப்பாட்டு நேரத்தில் முனவ்வர் டப்பாவைத் திறந்து, ஒரு துண்டு கறியை இவள் தட்டில் வைத்தாள். "இன்னா விஜி, மூஞ்சி இப்படி இருக்கு? அதான் அடுத்த மாசம் இன்னொரு சான்ஸ் குடுக்குறாங்களே. நம்ம தமிழு பாஸாயிடும், பாரு."

நம்ம தமிழாம்! யாருக்கு யார் நம்ம? கறியை மென்று முழுங்கினாள்.

அன்றைக்கே வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. பேங்கில் மகளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் இரண்டு நிமிஷம் நின்றாள். மூன்றாவது நிமிஷம் உள்ளே போய், "குடு இப்படி, நீ கையெழுத்து மட்டும் போடு" என்று பேனாவைப் பிடுங்கினாள். சிலிண்டர் தீர்ந்த அன்று, "நல்லா பாத்துக்கோ" என்று சொல்லித் தானே மாட்டினாள். மாசக் கடைசியில் பரீட்சை வைத்திருந்தால் விஜயகுமாரி தொண்ணூறு வாங்கியிருப்பாள்.

இரண்டாம் பரீட்சைக்கு முனவ்வரும் பர்மிஷன் போட்டுவிட்டுத் துணைக்கு வந்தாள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே! பெரியவர்கள் பின் பெஞ்சில் உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது என்று பரீட்சை வைக்க வந்த லுப்னா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

தமிழினி மோசமில்லை. பேங்க் ஃபாரத்தை இந்தத் தடவை முழுசாக நிரப்பினாள். அப்புறம் சிலிண்டர். ரெகுலேட்டர் ஒரு தடவை வழுக்கியது, மறு தடவையும் வழுக்கியது. விஜயகுமாரி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகள் கையை விலக்கி ஒரே அழுத்தாக அழுத்தி மாட்டிவிட்டாள்.

"சூப்பரா மாட்னீங்கம்மா," என்றாள் லுப்னா. "சென்னைக்கு நீங்களா போறீங்க?"

அந்த வேலைக்கு முட்டை மார்க். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தமிழினி திரும்பியே பார்க்கவில்லை.

கடைசிக் கேள்வி. "தெரியாத ஊரு. உன் ஃபோன் தொலைஞ்சு போச்சு. யாரோ ஒருத்தர் அவங்க ஃபோனைக் குடுக்குறாங்க. யாரைக் கூப்பிடுவே? நம்பரை மனப்பாடமா சொல்லு."

அப்பாடா, இது என் மார்க் என்று விஜயகுமாரி நிமிர்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தமிழினி தடுமாறாமல் பத்து எண்ணையும் சொன்னாள். லுப்னா தன் ஃபோனில் அந்த நம்பரை அடித்தாள். மடியிலிருந்த ஃபோன் சும்மா கிடந்தது. முனவ்வரின் பையில் மணி அடித்தது.

ஐந்துக்கு ஐந்து. மொத்தம் அறுபத்தொன்று.

"மாஷா அல்லா!" என்று முனவ்வர் இவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தக் கையை உதறிவிடலாமா என்று இருந்தது. அந்த ஐந்து இல்லாவிட்டால் ஐம்பத்தாறு. சீட்டே அவள் போட்ட பிச்சை!

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "ஏண்டி, நான் செத்தா போய்ட்டேன்? அவ நம்பரைச் சொல்றே?"

"போன வருஷம் கட்டுரைப் போட்டிக்குத் திருப்பத்தூர் போனப்ப டீச்சருங்க வேனை விட்டுட்டேம்மா. டீக்கடைல ஃபோன் வாங்கி ஆன்ட்டிக்குத்தான் பண்ணேன். எந்த பஸ்ல ஏறணும், வாணியம்பாடில எங்க மாறணும்னு சொன்னாங்க. வந்துட்டேன்."

ஒரு வருஷம்! பக்கத்து டேபிளில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை சொன்னாளா அந்த மகராசி?

"எனக்கு ஏன் பண்ணல?"

"உனக்குப் பண்ணா லீவு போட்டுட்டு ஆட்டோ புடிச்சு ஓடி வந்திருப்பே." தமிழினி தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவுமில்லாம, சஹர்கிட்ட பேச உன் ஃபோன்லேர்ந்து தினமும் அடிக்கிற நம்பரும்மா அது. உன் நம்பர் எனக்குத் தெரியாது."

பதினெட்டு வருஷம் பக்கத்திலேயே நின்றவளுக்கு எதற்கு நம்பர்? விஜயகுமாரி அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். இத்தனை நாள் எரிந்தது வயிறு, இப்போது நெஞ்சு.

சென்னைக்குக் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டில் மகளிடம் புது ஃபோனைக் கொடுத்துவிட்டு, "என் நம்பர் சொல்லு" என்றாள். தமிழினி ஏழாவது எண்ணில் நின்றுவிட்டாள். விஜயகுமாரியின் வாய் திறந்தது. பக்கத்தில் முனவ்வர் நிற்கிறாளே! உதட்டைக் கடித்துக்கொண்டாள். தமிழினி கண்ணை மூடி யோசித்து, மிச்சத்தைத் தானே சொல்லி முடித்தாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ புது நம்பரிலிருந்து மணி அடித்தது. விஜயகுமாரியின் ஃபோன்!

"அம்மா, ஹாஸ்டல் ஃபோன்லேர்ந்து பேசுறேன். எங்க ஃபோனெல்லாம் வாங்கி வச்சுட்டாங்க, சாயந்தரம்தான் தருவாங்க. உன் நம்பரை மனப்பாடமாவே அடிச்சேன்!"

விஜயகுமாரி ஸ்பீக்கரைப் போட்டாள். முனவ்வர் காதில் நன்றாக விழட்டும் என்று சத்தத்தையும் கூட்டினாள். "மறுபடியும் சொல்லும்மா, சரியா கேக்கல."

"மனப்பாடமா அடிச்சேம்மா! ஆன்ட்டி பக்கத்துல இருக்காங்களா? கொஞ்சம் அவங்ககிட்ட குடேன். ஒண்ணு கேக்கணும்."

முனவ்வர் எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள். விஜயகுமாரி ஃபோனை நீட்டினாள். ஸ்பீக்கரை மட்டும் அணைக்கவில்லை.