கிரேன்காரரின் கழுத்து

எனக்கு முகங்கள் ஞாபகத்தில் நிற்பதில்லை. கடைத்தெருவில் யாராவது "என்ன சார், அடையாளம் தெரியலையா?" என்று சிரித்தால், "கொஞ்சம் திரும்பி நில்லுங்க, சொல்றேன்" என்று சொல்லத் தோன்றும். பிசியோதெரபி நிலையம் ஒன்றில் மசாஜ் பிரிவு என் பொறுப்பு. வருகிறவர்கள் மேசையில் குப்புறப் படுத்து, தலைமாட்டில் இருக்கும் ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவர்கள் முதுகு தெரியும். அவர்களுக்கு என் செருப்பு தெரியும். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

மசாஜ் என்றதும் சிலர் கண்ணடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசனை எண்ணெயைத் தடவித் தூங்கவைக்கிற வேலை இல்லை ஐயா இது. எந்தத் தசை இறுகியிருக்கிறது, எதனால் இறுகியது, எந்த அசைவு நின்றுபோனது என்று விரலால் தேடிப் பிடித்து, இளக்கி, வீட்டில் செய்யப் பயிற்சியும் சொல்லி அனுப்புகிற வேலை. இதில் எல்லா வியாதியும் பறந்துவிடும் என்று நான் புளுக மாட்டேன். ஆனால் கழுத்து இளகினால் தலைவலி குறைகிறது, தோள் இறங்குகிறது, ராத்திரி புரளாமல் தூங்குகிறார்கள். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். "சரியாக எத்தனை வாரம் ஆகும்?" என்று கேட்பார்கள். நாலு என்றால் நாலு. ஒரு வாரம்கூடக் கூட்டிச் சொன்னது கிடையாது. சரியானதும், "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க" என்று விரட்டிவிடுவேன். திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருந்தவனிடம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கிரேன்காரர் வந்து சேர்ந்தார். அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் உயரமான கிரேனை ஓட்டி ஓய்வு பெற்றவர். வழுக்கைத் தலை, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்க, கழுத்தைத் திருப்பாமல் உடம்பு மொத்தத்தையும் திருப்பினார். மேசையில் படுக்கவைத்துக் கை வைத்தேன்.

"அடேயப்பா! கழுத்தா அண்ணே இது, கருங்கல்லா?"

"நீ தொட்டுப் பாக்குற, தம்பி. நான் அதைத் தூக்கிட்டு அலையுறேன்" என்றார் ஓட்டைக்குள்ளிருந்து.

கிரேன் அறைக்குத் தரை கண்ணாடியாம். இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையைத் தொங்கப்போட்டு, கீழே ஆடுகிற கொக்கியைப் பார்த்தபடியே ஓட்ட வேண்டும். வேலைக்காலம் முழுக்க அப்படியே குனிந்து பார்த்த கழுத்து, ஓய்வு கிடைத்த பிறகும் நிமிர மறந்துவிட்டது. அதோடு தலைவலி. தூக்கம் கிடையாது. வீட்டில் மனைவியும் இல்லை, காலமாகிவிட்டார். மகன் வேறு ஊரில் இருக்கிறான்.

முதல் வாரம் சூடான துண்டை மட்டும் போட்டு மெதுவாகத் தடவினேன். அடுத்தடுத்து, தோள்பட்டையின் மேல்விளிம்பில் இருந்த முடிச்சுகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, "மூச்சை விடுங்க, இன்னும் விடுங்க" என்று ஒவ்வொன்றாக இளக்கினேன். மண்டை ஓடு கழுத்தில் உட்கார்கிற இடத்தில் தொட்டால் முதலில் துள்ளுவார். போகப் போகத் துள்ளல் நின்றது. ஒரு நாள் உள்ளே வரும்போதே, "தம்பி, நேத்து முழுசாத் தூங்கிட்டேன்!" என்றார். பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி முகம். எனக்கும் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

படுத்தால் பேசிக்கொண்டே இருப்பார். "இந்த ஓட்டையில பாத்தா கிரேன்ல உக்காந்த மாதிரியே இருக்கு. அங்கயும் இப்படித்தான் கீழயே பாத்துட்டு இருப்பேன். காலையில ஏறினா சாயங்காலம்தான் இறங்குறது. ஆனா பின்னாடி ஒரு ஆளு நின்னதே இல்ல, தம்பி."

இன்னொரு நாள், "உன் செருப்பு இடது பக்கம் தேய்ஞ்சிருக்கு. சாய்ஞ்சு நிக்கிற. உனக்குத் தோள் வலிக்குமே, யாரு அமுக்கி விடுவா?" என்று கேட்டார்.

"பேசாம படுங்க அண்ணே. பேசினா தசை இறுகும்" என்று வாயை அடைத்தேன்.

யார் அமுக்குவார்கள்? நானும் ஒண்டிக்கட்டை. ஒற்றை அறை வீட்டில் ஒரு டென்னிஸ் பந்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்து போனதும் அதைச் சுவருக்கும் தோளுக்கும் நடுவே வைத்து, சாய்ந்து, மேலும் கீழும் உருட்டிக்கொள்வேன். எங்கள் தொழிலில் பலர் செய்வதுதான். பந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சுவர் "போதுமா?" என்று கேட்காது இல்லையா.

சொன்ன கணக்குப்படி கிரேன்காரரின் கழுத்து சரியாகிவிட்டது. என் விரலுக்கு ஒரு முடிச்சும் தட்டுப்படவில்லை. கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. அவரோ, "இல்ல தம்பி, உள்ளுக்குள்ள குத்துது" என்றார். அடுத்த வாரமும் குத்தியது. அதற்கடுத்த வாரமும். எனக்கு என் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வயதாகி விரல் மரத்துப்போயிற்றா? இந்த விரல் போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, நிலையத்தை நடத்துகிற மேடம் கூப்பிட்டார். "கைக்குழந்தைக்காரி ஒருத்தி காத்துட்டு இருக்கா. தோள் பிடிச்சுக்கிட்டு, பிள்ளையத் தூக்க முடியாம அழறா. செவ்வாய் மதியம்தான் அவளால வர முடியும். உன் கிரேன்காரருக்கு இன்னுமா சரியாகல?"

"இன்னும் வலி இருக்குன்னு சொல்றாரு மேடம்" என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

விடுமுறை நாளில் பஸ்ஸில் போகிறேன். புதிதாக மாடி எழும்புகிற ஒரு மனை ஓரமாக பஸ் நின்றது. தகர வேலிக்குப் பக்கத்தில் ஒருவர் அண்ணாந்து கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலை முழுக்கப் பின்னால் சாய்ந்திருக்கிறது. மேலே இருப்பவனுக்குக் கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார். அந்த உயரத்தில் இருப்பவனுக்கு இவர் எங்கே தெரியப்போகிறார்? பிறகு வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சாலையைக் கடந்தார். உள்ளுக்குள் குத்துகிற கழுத்தாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை வந்து படுத்தார். "எங்க அண்ணே வலி?" என்றேன், குரலில் தேன் ஒழுக.

"இதோ, இந்த இடது பக்கம்."

"போன வாரம் வலது பக்கமாச்சே. வலி வீடு மாறிடுச்சா?"

அவர் முகத்தை ஓட்டைக்குள் இன்னும் அழுத்திக்கொண்டார். "கிரேனை அண்ணாந்து பாத்தீங்களே, நானும் பஸ்ல இருந்து பாத்தேன். என்னை என்ன கேனையன்னு நினைச்சீங்களா? என் கை கெட்டுப்போச்சுன்னு நான் சோறு தண்ணி இல்லாம கிடக்குறேன்!"

அவர் எழுந்து உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உன் கை தங்கக் கை, தம்பி. அது கெடல. எப்பவோ சரியாயிடுச்சு" என்றார். "சரியாயிடுச்சுன்னு சொன்னா வரவேண்டாம்னுடுவ. பையன் ஞாயித்துக்கிழமை போன் பண்றான். குரல் வருது, கை வராதே. ஒரு மனுஷன் கை என் மேல படுறது வாரத்துல இங்க மட்டும்தான். தலையில நாலு முடி இருந்தாலாவது சலூனுக்குப் போய் உக்காருவேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"படுங்க அண்ணே" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் பிள்ளையைத் தூக்க முடியாதவள் ஒருத்தி காத்திருக்கிறாளே. நான் என்ன செய்ய? விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயையோ, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளைக்காரிக்குக் குடு" என்று சட்டைப் பட்டன்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். கதவுப்பக்கம் போய், தலையை மட்டும் அழகாகத் திருப்பி, "நல்லாத் திரும்புது பாத்தியா" என்றார். போய்விட்டார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைகளில் கைக்குழந்தைக்காரி வந்தாள். நல்ல பெண். சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்தாள், தோள் இளகிக்கொண்டு வந்தது. படுத்ததும் தூங்கிவிடுவாள், பாவம். அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்கும். என் செருப்பைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பந்தை உருட்டும்போது, அந்த மனுஷன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைப்பேன். போய்ப் பார்க்கலாமென்றால் எனக்கு அவர் வீடு தெரியாது. முதுகு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவு திறந்தது. கிரேன்காரர். தலை முன்னால் தொங்க, என்னைப் பார்க்க உடம்பு மொத்தத்தையும் திருப்பினார். முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெற்றிக் களை.

"இப்ப நிஜமாவே வலிக்குது, தம்பி. வேணும்னா தொட்டுப் பாரு."

படுக்கவைத்துக் கை வைத்தேன். கருங்கல். வலது பக்கமும் இடது பக்கமும் முடிச்சு முடிச்சாக. பழைய இடங்களிலேயே, ஒன்றுவிடாமல்.

"என்ன அண்ணே பண்ணித் தொலைச்சீங்க?"

"மாடி பால்கனிக் கம்பி ஓரமா ஸ்டூலைப் போட்டு, கிரேன்ல உக்காருற மாதிரியே உக்காந்தேன். முழங்காலுக்கு நடுவுல தலையைத் தொங்கப்போட்டு, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தெருவைப் பாத்துட்டே இருந்தேன். முதல்ல கொஞ்ச நாள் ஒண்ணும் ஆகல. நீ அவ்வளவு நல்லாப் பாத்துவிட்டிருக்க. அப்புறம் பிடிச்சுக்கிச்சு."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டு வந்து, பெருமை வேற பேசுறீங்களா? கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு? இன்னொரு தடவை அந்த ஸ்டூல்ல உக்காந்தீங்க, ஸ்டூல் காலை ஒடிச்சிடுவேன்!" கத்தினேன். கத்தும்போதே கண் கரித்தது. நல்லவேளை, அவர் முகம் ஓட்டைக்குள் இருந்தது.

"பொய் சொன்னேன்னுதானே திட்டின. இப்ப பொய் இல்லையே" என்றார்.

சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன். துண்டைச் சூடாக்கிப் போட்டு, பழையபடி முதல் முடிச்சிலிருந்து ஆரம்பித்தேன். அவர் மூச்சு நீளமாக வெளியே போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சரியாக எத்தனை வாரம் ஆகும், தம்பி?"

நாலு வாரம். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் மூன்றே போதும். என் கட்டைவிரலுக்கு அது நன்றாகத் தெரியும்.

"சொல்ல முடியாது அண்ணே" என்றேன். "ரொம்ப நாள் ஆகும்."

"அப்பாடா" என்றார்.