பச்சையேறிய உட்கரு

கொடைக்கானலில் ஒரு மகளிர் கல்லூரி. அதன் விலங்கியல் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குடுவைகள் கழுவ வந்தவள் போளூர் வீரம்மாள். பதினோரு வருடத்தில் கழுவுவதோடு நிற்கவில்லை. வைக்கோல் ஊறிய தண்ணீரில் பாரமீசியம் வளர்ப்பது, பஞ்சு இழை போட்டு அவற்றின் ஓட்டத்தை மட்டுப்படுத்துவது, சாயம் ஏற்றுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டன. அந்த ஒற்றைச் செல்லுக்குள் பீன்ஸ் விதை போலக் கிடக்கும் பெரிய உட்கருவை அவளைப் போலப் பளிச்சென்று பச்சையாக்கிக் காட்ட யாராலும் முடியாது. தின்பது, நீந்துவது, கழிப்பது என்று அந்த உயிரின் அன்றாடப் பாட்டை நடத்துவது அதுதான் என்று ஆசிரியை ஷர்மிளா பாடம் எடுக்கையில் கேட்டு வைத்திருந்தாள்.

மகள் மணிமேகலையும் அங்கேதான் படித்தாள். ஆய்வகத்தில் அம்மா என்று கூப்பிடமாட்டாள். வகுப்புக்கே விஷயம் தெரியும், யாரும் பேசுவதில்லை.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு மதுரையிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மையார் வந்திருந்தார். மணிமேகலையின் முறை வந்தது. மூன்று தடவை சாயம் ஏற்றியும் வெறும் கலங்கல். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சற்று நேரத்தில் பச்சையேறிய ஸ்லைடு ஒன்று அவள் மேசைக்கு வந்தது.

தேர்வாளர் பார்த்துவிட்டார். "இத யாரு வச்சது?"

"அந்த ஆயாதான் மேடம். நான் கேக்கவே இல்ல."

"ஒனக்குச் சொந்தமா?"

"யாருன்னே தெரியாது மேடம்."

இருபத்திரண்டு பெண்களும் குனிந்த தலை நிமிரவில்லை. ஷர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏம்மா, நெசமா?"

"ஆமாங்க," என்றாள் வீரம்மாள். "தெரியாத புள்ளதாங்க. பாவமா இருந்துச்சு, வச்சுட்டேன்."

அவளை வெளியே அனுப்பினார்கள். அவள் நின்ற வராந்தா வரைக்கும் தேர்வாளரின் கேள்வி கேட்டது: "ரெண்டு பாரமீசியம் கூடுறப்ப பழைய பெரிய உட்கரு என்னாகும்?"

"துண்டு துண்டா ஒடைஞ்சு கரைஞ்சிரும் மேடம். புதுசா ஒண்ணு உருவாகும்." மணிமேகலை தடுமாறாமல் சொன்னாள். முந்தின நாள் தாயும் மகளும் சேர்ந்து படித்த பதில் அது.

அன்று மாலையே வீரம்மாளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் மகள் முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சீறினாள்.

"ஒன்ன யாரு தலையிடச் சொன்னா? என் டிகிரியே போயிருக்கும்ல?"

"நீதானடி திரும்பிப் பாத்த."

"சும்மா பாத்தேன்."

மணிமேகலை முதல் வகுப்பில் தேறினாள். மதுரையில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, தாயின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினாள். பொய்யில்லை. வீரம்மாள் அப்போதுதான் யாரோ ஒருவரின் காட்டில் கூலிக்குப் பூண்டு பிடுங்கிவிட்டு வந்திருந்தாள். இடுப்பு வலி தாங்காமல் சுவரில் சாய்ந்தபடி, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.