முதல் பதிவின் ஆறு நிமிடம்

“ரெண்டு பட்டம் வாங்கிட்டா காதும் தன்னால படிச்சிருமோ?”

ஒலிநாடாவை வெட்ட வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அண்ணாச்சி கேட்டது இது. பாளையங்கோட்டையில் பழைய வில்லுப்பாட்டுப் பதிவுகளைத் தேடி வாங்கி, இசைத்தட்டாக மறுபடி வெளியிடுகிறவர் அவர். இதுவரை வெளிவராத பதிவு ஒன்றாவது உள்ளே இருந்தால்தான் சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள். நான் அவரிடம் வேலை பார்க்கிறேன்; நாடாக்களைப் போட்டுக் கேட்டுக் குறிப்பெழுதுவேன். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் சுமக்கிற எங்கள் வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான்.

அந்த நாடாவில் இருந்தது அம்மனை அழைக்கிற வரத்துப் பாட்டு. மெட்ராஸில் இரண்டு முறை பதிவு செய்ததில், அந்தக் காலத்தில் வெளிவந்தது இரண்டாம் பதிவு. முதல் பதிவின் பெட்டியில் ‘கெட்டது’ என்று எழுதியிருந்தது. அதில் பாட்டு பாதியில் நிற்கிறது. ஆறு நிமிடம் உடுக்கையும் குடமும் மட்டும் ஒலிக்கின்றன. நடுவில் ஒரு பெண் மூச்சிரைக்கிறாள். பிறகு விட்ட அடியிலிருந்தே பாட்டு தொடர்கிறது.

“இங்கன அந்துபோச்சு, பாரு. வெட்டி ஒட்டிரு.”

“அந்துபோகல அண்ணாச்சி. யாருக்கோ சாமி வந்திருக்கு. மலையேறுத வரைக்கும் பாடமாட்டாங்க. கொட்டடிக்குதத நிப்பாட்டவும் மாட்டாங்க.”

“மெட்ராஸ்ல, ஏசி ஸ்டூடியோவுக்குள்ளயா?”

“சாமிக்கு ஏசி ஆகாதா?”

சிரித்துவிட்டார். சிவன் கோயிலில் அமைதியாகக் கைகூப்பி நிற்கிற குடும்பம் அவருடையது. அம்மன் கோயில் கொடைவிழாப் பந்தலில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

“பாடுன குழுவில ஒருத்தராவது நீ சொல்லுததுதான் சரின்னு சொல்லட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் வெட்டல” என்றார்.

குடம் அடித்தவர் திசையன்விளையில் இருந்தார். புதன்கிழமை போன் எண் கிடைத்தது; மூச்சிரைப்பது யார் என்று கேட்டேன். எடுத்த எடுப்பிலேயே, “அது எம் பொண்டாட்டில்லா. அவளுக்குத்தான் சாமி வந்துச்சு” என்றார். குழுவோடு போன அந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டாம் பதிவின்போது அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். “தன்னாலதான் பாட்டு கெட்டுச்சுன்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. அந்த டேப்பை அன்னைக்கே அழிச்சிட்டாங்கன்னு நெனைக்கா.”

நான் சொன்னது சரிதான். பெருமையாகத்தான் இருந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“அப்ப முழுசாப் போட்டுருவோம்” என்றார் உடனே. “சாமி வந்த பதிவுன்னு அட்டையிலயே போடு.”

“அந்த அம்மாகிட்ட கேக்கணும் அண்ணாச்சி. மூச்சு அவங்களுது.”

“கேட்டா வேண்டாம்னு சொல்லிருவா. பெறகு உன் ஆறு நிமிசமும் போச்சு, என் தட்டும் போச்சு.”

“வேண்டாம்னா நானே பெட்டியில வச்சு மூடிருதேன்.”

அந்த அம்மாளுக்குப் போட்டுக் காட்ட ஆறு நிமிடத்தையும் செல்போனில் ஏற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை திசையன்விளை பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டும் வாங்கிவிட்டேன்.