தவமலர் அக்கா தேடிப் பிடித்த கட்டை

ஜெர்மனியின் ஹம் நகர நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோதுதான் கீர்த்தனாவின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். நெஞ்சு நோகுது என்று படுத்த தவமலர் அக்கா எழும்பவில்லையாம். ஒரே முதியோர் இல்லத்தில் பல வருடம் ஒன்றாகப் பராமரிப்பு வேலை செய்தவர்கள் நாங்கள். ரயில் வந்து போனது. நான் ஏறவில்லை.

உங்களில் பலருக்கு அவர் கோயில் திருவிழாவில் வடை சுட்ட அக்கா. எனக்கு அவர் வேட்டைக்காரி. அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தலை நிமிர்கிறது.

எல்லாம் உருளைக்கிழங்கில் தொடங்கியது. ஊர் எல்லையில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டிருந்தன. அந்தப் பகுதி வேட்டைக் குழுவின் தலைவர் பிரிங்க்மானிடம் போய் அக்கா சண்டை பிடித்தார். "அப்படியென்றால் நீங்களே உரிமம் எடுத்து வந்து சுடுங்கள்" என்று அவர் பகிடியாகச் சொன்னார். அக்காவுக்குப் பகிடி விளங்காது, அல்லது தேவையான நேரத்தில் விளங்காது. வேலை முடிந்து வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், உரிமத்தோடு பிரிங்க்மான் வீட்டுக் கதவைத் தட்டினார். பரீட்சையில் சுடும் பகுதியில் மட்டும் மட்டுமட்டாகத்தான் தேறியிருந்தார்.

அக்கா துப்பாக்கி வாங்கப் போகிறார் என்று கோயிலில் கதை பரவியது. "ஊரில துவக்குக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தனாங்கள், நீங்கள் துவக்கு வாங்குறியளோ?" என்று ஒருவர் கேட்டார். அக்கா வடையைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னார்: "அது என்னைப் பார்த்த துவக்கு அண்ணை. இது என்ர கையில இருக்கிற துவக்கு."

ஆனால் அந்தத் துவக்கு அவருக்கு அடங்கவில்லை. சுடும் பயிற்சித் தளத்தில் குறி தவறியது, தோள் கன்றிப்போனது. குறி பார்த்துச் சுடுவதை அங்கே நிரூபிக்காதவரை இலையுதிர்காலக் கூட்டு வேட்டைக்கு அழைத்துப் போக முடியாது என்று பிரிங்க்மான் சொல்லிவிட்டார். பிறகு அவரே, அக்கா இடது கையால் போத்தல் மூடியைத் திருகுவதைக் கண்டு, ஒரு வளையத்தினூடாகத் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னார். அக்கா அதை இடது கண்ணுக்குக் கொண்டுபோனார். குறி பார்க்கும் கண்ணும் அவருக்கு இடதுதான்.

வரும் வழியில் காருக்குள் என்னிடம் சொன்னார்: "சின்னனில இடக்கையால எழுதினா அம்மா அடிப்பா. கடையில துவக்கைத் தந்த உடன கை தன்பாட்டில வலப்பக்கம் போயிட்டுது, தங்கச்சி." அவர் வாங்கிய துவக்கில், தோளிலும் கன்னத்திலும் படியும் மரக்கட்டை வலது கைக்காரருக்காக, அதுவும் நெட்டையான ஆணுக்காகச் செய்யப்பட்டது. எங்களில் யார் போயிருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்போம்.

வேட்டைக் குழுவில் துவக்கையே மாற்றச் சொன்னார்கள். "துவக்கில பிழையில்லை. கட்டைதான் எனக்குச் சரிவரேல்ல" என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் கோடை முழுவதும் வேறு கட்டை தேடினோம். இந்த மாதிரித் துவக்குக்குக் கிடைக்காது என்றன கடைகள். இணையத்தில் எடுத்த ஒன்றில் தோட்டாக்கூடு உட்காரவில்லை. ஒரே பெயரில் இரண்டு அளவுத் துவக்குகள் இருந்திருக்கின்றன. அக்கா அதைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த கடைக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு கன்னத்துக்கும் பொதுவான, நீளம் குறைந்த கட்டை ஒன்று அங்கே இருந்தது. "உங்கள் கணவருக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "அவருக்கு மானைக் கண்டாலே கண் கலங்கும். எனக்குத்தான்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார் அக்கா. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

துவக்குத் திருத்துபவர் அதை ஆடாமல் பொருத்திக் கொடுத்தார். அடுத்த முறை தளத்தில் அக்கா இடது தோளில் துவக்கை வைத்தார். தோட்டா குறியின் நடுவில் பாய்ந்தது. பிரிங்க்மான் தொப்பியைக் கழற்றினார்.

கூட்டு வேட்டையில் அவருடைய முதல் பன்றி விழுந்தபோது, இங்குள்ள வேட்டைக்காரரின் வழக்கப்படி பிரிங்க்மான் ஒரு பச்சைக் கிளையை முறித்து அதன் வாயில் வைத்தார். கடைசிக் கவளமாம். அக்கா கண் கலங்கிவிட்டார். "நாங்களும் மனுசருக்கு இப்பிடித்தான், வாய்க்கரிசி போடுறனாங்கள்" என்று அவருக்கு விளக்கினாராம்.

பிரிங்க்மான் அதை மறக்கவில்லை. இறுதிச் சடங்கன்று வேட்டைக்காரரின் பச்சை உடுப்போடு வந்தவர், தானும் அரிசி போடலாமா என்று கீர்த்தனாவிடம் கேட்டார். "ஓம், வாங்கோ" என்று அவள் தமிழிலேயே சொல்லிவிட்டாள். கோயிலில் அன்று கேள்வி கேட்டவர்தான் தள்ளி நின்று அவருக்கு வழி விட்டார்.

துவக்கு உரிமமுள்ள பிரிங்க்மானிடம் போய்விட்டது. அவர் நெட்டை, வலது கைக்காரர். பழைய கட்டையையே திரும்பப் பூட்டிக்கொண்டார். அக்கா தேடிய கட்டையைக் கீர்த்தனா என்னிடம் தந்தாள். சட்டப்படி கட்டை மட்டும் ஆயுதமில்லை, யாரும் வைத்திருக்கலாம். அக்காவின் கன்னம் பட்ட இடம் மினுங்குகிறது. என் தோளில் வைத்துப் பார்த்தேன், எனக்கு அளவில்லை. வரவேற்பறையில், வருகிறவர்கள் எல்லோரும் இது என்ன என்று கேட்கக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறேன்.